1833 சட்டத்தால் திருகோணமலை அடிமைகளும் விடுதலையானார்களா?

இல்லை. பிரிட்டன் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டது உண்மைதான். ஆனால் 1795இலேயே அவர்கள் கைக்கு வந்த திருகோணமலைக்கு அது பொருந்தவில்லை. அந்தச் சட்டமே இலங்கையைப் பெயர் சொல்லி விலக்கியது! இங்கே முழு ஒழிப்பு 1844இல்தான். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான நம் தேசவழமையை 1707இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) எழுதிவைத்தபோது, அடிமைகளுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கினார்கள். அதை வாசித்தபோது மனசு கனத்தது.

இப்படிப்பட்ட அடிமைச் சட்டங்களின் வேர் மிகப் பழையது. ஏறக்குறைய 3,750 ஆண்டுகளுக்கு முந்தைய பாபிலோனில், ஓடிவந்த அடிமையை வீட்டில் ஒளித்துவைத்தால் மரண தண்டனை. இது அந்நாட்டு மன்னர் ஹமுராபியின் சட்டம்.

இன்று? மூதூரிலிருந்து வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போன எங்கள் அக்கா ஒருவரின் பாஸ்போர்ட்டை முதலாளியம்மா அலமாரியில் பூட்டிவிட்டார். சம்பளம் கேட்டு வெளியேறியபோது, அவர்மேல் விழுந்த வழக்கு: ‘ஓடிப்போனவள்’.