எவர்கிரீன்: அம்மாவாக நடித்த மகள்

அன்புள்ள சார்,

நீங்கள் சொன்னதற்காக ‘எவர்கிரீன்’ (1934) என்ற பிரிட்டிஷ் படத்தைப் பார்த்தேன். பாட்டும் ஆட்டமும் சரி. ஆனால் இளம்பெண் ஒருத்தி தன் அம்மாவாக மேடையேறுகிறாள், லண்டனே அதை நம்புகிறது! காதில் பூச்சுற்றும் கதை இல்லையா? இதில் அப்படி என்ன கண்டீர்கள்?

அன்புள்ள நண்பருக்கு,

கதை நம்பும்படி இல்லைதான். ஆனால் அந்தப் பொய் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ஹாரியட் கிரீன் மியூசிக் ஹால் (பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையும் கலந்த மேடை நிகழ்ச்சி) நட்சத்திரம். பிரபு ஒருவரை மணக்க இருக்கும் நேரத்தில் பழைய காதலன் வந்து பணம் கேட்டு மிரட்டுகிறான். அவனுக்குப் பிறந்த குழந்தையை மறைக்கத்தான் அவள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிறாள். 25 வருடம் கழித்து அதே மகள், வேலை இல்லாத சமயத்தில், ‘முதுமையே தொடாத ஹாரியட்’ ஆகிறாள். மறைக்கப்பட்ட பிள்ளையே அம்மாவின் பெயரில் வந்து நிற்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இரண்டு வேடமும் ஜெஸ்ஸி மாத்யூஸ். லண்டன் சோஹோவில் பழமும் காய்கறியும் விற்றவரின் மகள், நிறையப் பிள்ளைகள் உள்ள வீடு. மேடைக்காக உச்சரிப்புப் பயிற்சி எடுத்துப் பிறந்த தெருவின் பேச்சையே மாற்றிக்கொண்டவர். படத்தில் நீங்கள் கேட்கும் மேல்தட்டு ஆங்கிலம் அப்படிக் கற்றது. இன்னொருத்தியாக வாழும் பெண்ணின் வேடம் அவருக்கு அவ்வளவு இயல்பாகப் பொருந்தியதற்கு இதுவும் காரணம் என்றே நினைக்கிறேன்.

‘டான்ஸிங் ஆன் தி சீலிங்’ பாட்டை மறுபடி பாருங்கள். அமெரிக்கப் பாடல் இரட்டையர் ராட்ஜர்ஸும் ஹார்ட்டும் எழுதியது. நியூயார்க்கின் நாடக மையமான பிராட்வேயில் ஒரு நாடகத்திலிருந்து கழற்றிவிடப்பட்டு, 1930இல் லண்டன் மேடைக்கு வந்து, அங்கிருந்து இந்தப் படத்துக்கு வந்தது. அம்மாவாக நடிக்கும் அந்த மகள் காதலிப்பவன் ஊருக்கு முன்னால் அவளுடைய மகனாக நடிக்கிறான், ஒரே வீட்டில் இருக்கிறார்கள். சொல்ல வழியே இல்லை. மெல்லிய உடையில், அந்த வெள்ளை வெளேர் வீட்டுக்குள் தனியாக ஆடுகிறாள். கால் தலைக்கு மேலே போகிறது, முதுகு வில்லாக வளைகிறது, ஆனால் எங்கும் அவசரம் இல்லை. வசனத்தில் எழுதியிருந்தால் அபத்தமாகியிருக்கும் ஏக்கம் இது. ஆடும்போது நம் நெஞ்சை அடைக்கிறது.

அப்புறம் ஒரு பெயர்: பட்டி பிராட்லி. நடனம் அமைத்தவர், அமெரிக்கக் கறுப்பினத்தவர். பிராட்வேயில் பெரிய நட்சத்திரங்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தும் பெயர் போடப்படாதவர். இந்தப் படத்தின் டைட்டிலில் அவர் பெயர் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைகிறது.

இயக்குநர் விக்டர் சேவில், அந்த ஆள்மாறாட்டம் விசாரணைக்கு வரும் நீதிமன்றக் காட்சியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறார், அதில் நஷ்டமில்லை. முக்கியமானது அதற்கு முன்னால் வருவது. நிறைந்த அரங்கில் அம்மா வேடத்தைக் களைந்துபோட்டு, ‘ஓவர் மை ஷோல்டர்’ பாடியபடி அவள் தன் வயதில் ஆடும் இடம். அங்கே அவள் தோள்களைக் கவனியுங்கள். படத்தில் அதுவரை அவள் ஆடியதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்தத் தோள்களில் தெரியும்.