அம்மாவின் பிடியரிசிப் பானை

பதில் எழுதும் அம்மாவுக்கு,

குமரி மாவட்டம் களியக்காவிளைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். எங்கள் அம்மா இறந்து ஐந்து மாதம் ஆகிறது. வயது 72. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு இருபது வருஷம் செயலாளர். அடக்கத்துக்கு வந்த கூட்டம் ரோடு வரை நின்றது. துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லாம், “உங்க அம்மா இருக்கிற இடத்துல சிரிப்புதான் மக்களே” என்கிறார்கள். வீட்டில் நான் அந்தச் சிரிப்பைப் பார்த்ததே இல்லை.

எனக்கு முதல் பிள்ளை பிறந்த அன்று அம்மா சபையின் கன்வென்ஷன் கூட்டப் பந்தலில் சாயா போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள்தான் வந்தாள். வந்து 41 நாள் கூட இருந்து குளிப்பாட்டி, மருந்து கிண்டிக் கொடுத்தாள், அது வேறு. கோயில் கூரைக்கு வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், ஞாயிறு ஆராதனை, நடுவில் நோயாளி சந்திப்பு. எங்களுக்கு மிச்சம் என்ன? பிள்ளை பிறந்த அன்றுகூட வரவில்லையே!

அண்ணன் சாமான்களைப் பங்கு வைத்தபோது பிடியரிசிப் பானை, சமைக்கும்போது கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்துப் போட்டு வைக்கிற பானை, என்னிடம் வந்தது. நான் கோயிலுக்குப் போவதே குறைவு. ஆனாலும் உலை வைக்கும்போது கை தானாக ஒரு பிடி எடுத்து அதில் போடுகிறது. இப்போது வண்டு வந்துவிட்டது, கொட்டவும் மனசில்லை. அது கிடக்கட்டும்.

அண்ணன் அம்மா பெயரில் கல்வெட்டு வைக்கிறான். ஓராண்டு நினைவு ஆராதனையில் நான் பத்து நிமிஷம் பேச வேண்டுமாம். பிள்ளை பிறந்த அன்று வராதவளைப் பற்றி என்ன பேச? இன்றுவரை எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. நான் கல்நெஞ்சுக்காரியா?

— ஒரு மகள்

அன்புச் சகோதரி,

‘அது கிடக்கட்டும்’ என்று நீங்கள் தள்ளிவிட்ட பானையை நான் விடுவதாக இல்லை.

ஒரு பிடி என்பது சுமார் 40 கிராம். நாளுக்கு ஒரு பிடி என்றாலே ஐந்து மாதத்தில் 6 கிலோ. சபைக்கும் கொடுக்கவில்லை, சமைக்கவும் இல்லை. அம்மாமேல் தீராத கோபம் என்று எழுதும் நீங்கள், ஒரு நாள் தவறாமல் அவர் பங்கை எடுத்து வைத்திருக்கிறீர்கள். இதைச் செய்கிறவரைக் கல்நெஞ்சுக்காரி என்று நான் சொல்ல மாட்டேன். அழாதது நோயும் அல்ல. ஆறு மாதம் தாண்டியும் தூக்கமும் அன்றாட வேலையும் குலைந்தே இருந்தால் மட்டும் ஒரு ஆலோசகரை நேரில் பாருங்கள்.

அம்மா கையில் இருந்தவரை அந்தப் பானையில் வண்டு பெருக வழியில்லை. ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போய்க் காலியாகி வந்திருக்கும். அரிசி வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டை வைக்கும்; ஒரு மாதம்போல ஆனால் அடுத்த வண்டு வெளியே வரும். மேலே ஓடுவதைப் பொறுக்கிவிட்டுப் பழையதன்மேல் புதுப்பிடி போட்டால் அதற்கும் பரவும். முறத்தில் மெலிதாகப் பரப்பி நிழலில் வையுங்கள், வண்டு தானே இறங்கிப் போகும். கடும் வெயிலில் வைத்தால் அரிசி நொறுங்கும். புடைத்து, துளை விழுந்ததைக் கோழிக்குப் போடுங்கள். நல்லதை உடனே பொங்கி யாருக்காவது கொடுங்கள். பானையைக் கழுவி, ஈரம் போகக் காயவைத்து, பிறகு உங்கள் விருப்பம்.

வீட்டில் பார்க்காத சிரிப்புக்கு வருகிறேன். உங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் 1859-ல், அன்று உங்கள் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசு உத்தரவு போடும்வரை, மார்பை மறைத்துத் தோளில் சீலை போடவே போராட வேண்டியிருந்தது. அதற்கு முன்பே, 1819-ல், நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு மிஷன் பள்ளி வந்துவிட்டது. பெண்ணுக்கு உட்கார ஓர் இடம் அப்படித்தான் இங்கே உண்டானது. உங்கள் அம்மா வாழ வந்த காலத்திலும், மருமகள் சத்தமாகச் சிரித்தால் ‘என்ன இளிப்பு’ என்று கேட்ட வீடுகள் ஏராளம். உங்கள் வீடு எப்படி இருந்தது? கணக்கு எழுத, மைக் பிடிக்க, தன் வயதுப் பெண்களோடு விழுந்து விழுந்து சிரிக்க அவருக்கு வேறு எங்கே இடம் இருந்தது? உங்கள் பங்கைப் பிடுங்கி அவர் சபைக்குக் கொடுத்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று, வருத்தப்படாதீர்கள். அவர் வராத ஒரு நாளைக் கடிதத்தில் மூன்று முறை சொல்கிறீர்கள். உடனிருந்த 41 நாளுக்கு ஒரு வரி, அதற்கும் ‘அது வேறு’ என்ற ஒதுக்கல். அந்த ஒரு நாள் வலித்தது உண்மை, அவர் வந்திருக்க வேண்டும். ஆனால் உங்கள் கணக்கு நியாயமாக இல்லை.

நினைவு ஆராதனையில் ஐந்து நிமிஷம் போதும். அவர் வகித்த பொறுப்புகளைக் கல்வெட்டு பார்த்துக்கொள்ளும். நீங்கள் முதல் பிடியைப் போட்டது எந்த நாள், அன்று அடுப்பில் என்ன இருந்தது என்று ஆரம்பியுங்கள். 41 நாளும் வரட்டும். வராத நாளையும் சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள். முன்வரிசையில் இருக்கும் சங்கத்துப் பெண்களில் பலருக்கும், மகளிடம் அப்படி ஒரு நாள் பாக்கி இருக்கும்.