ஹைட்டி: சாலை யார் கையில்? – கேள்வி பதில்

கேள்வி: கரீபியன் தீவு நாடான ஹைட்டியில் ஆட்சி என்று ஒன்று இருக்கிறதா, சார்?

பெயருக்கு இருக்கிறது. கடைசி ஜனாதிபதித் தேர்தல் நடந்தது 2016-இல். அதில் வென்ற ஜோவெனெல் மொய்ஸை 2021 ஜூலையில் வீடு புகுந்து சுட்டுக் கொன்றார்கள். 2023 ஜனவரியில் மிச்சமிருந்த 10 செனட்டர்களின் பதவிக்காலமும் முடிந்தது. மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய தேசியப் பிரதிநிதி ஒருவர்கூட அப்புறம் இல்லை.

கேள்வி: சாலைகளை மறித்து நாட்டை ஆட்டிவைக்கும் ஆயுதக் கும்பல்களுக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது?

துப்பாக்கி பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து கடத்தி வருவது. ஆனால் என்னைக் கேட்டால், துப்பாக்கியைவிடச் சாலைதான் பெரிய ஆயுதம். தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலை மார்ட்டிஸான் என்ற பேட்டை வழியாகப் போகிறது. 2021 ஜூனில் கும்பல்கள் அந்தச் சின்னத் துண்டைப் பிடித்தன. தெற்கிலுள்ள 4 மாகாணங்களுக்கும் தலைநகருக்கும் தொடர்பு அறுந்த மாதிரி ஆகிவிட்டது. லாரி போனால் கப்பம். கப்பம் கட்டினாலும் ஆளைக் கடத்த மாட்டார்கள் என்று சொல்ல முடியாது.

அடுத்த வருஷம் செப்டம்பரில், தலைநகரில் எரிபொருள் இறக்கிச் சேமிக்கும் வாரோ முனையத்தை மறித்தார்கள். தலைமை தாங்கியவர் ‘பார்பெக்யூ’ என்கிற ஜிம்மி ஷெரிசியே, முன்னாள் போலீஸ்காரர்! டீசல் இல்லாமல் ஆஸ்பத்திரி ஜெனரேட்டர்கள் ஓடவில்லை, குடிநீர் லாரி வரவில்லை. அந்த நேரம் பார்த்துக் காலராவும் திரும்ப வந்தது.

கேள்வி: போலீஸ், அரசியல்வாதிகள் எல்லாம் வேடிக்கை பார்க்கிறார்களா?

போலீஸ்காரர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். அரசியல்வாதிகள் விஷயம் வேறு. கும்பல்களுக்குத் துணைபோனதாக முன்னாள் ஜனாதிபதி மார்டெல்லி மீதே கனடா 2022-இல் தடை விதித்தது.

கேள்வி: ஐ.நா. படையை அனுப்பினால் தீராதா?

ஐ.நா. ஒப்புதலோடு 2024 ஜூனில் கென்யா தலைமையிலான பன்னாட்டுப் போலீஸ் படை போனது. திட்டமிட்டது 2,500 பேர். வந்தது ஏறக்குறைய 1,000. 2025 செப்டம்பரில் 5,500 பேர் கொண்ட புதுப் படைக்குப் பாதுகாப்புச் சபை அனுமதி கொடுத்தது. ஆனால் ஐ.நா. அமைதிப்படையின் நீலத் தொப்பி என்றாலே அங்கே ஜனங்களுக்குக் கசப்பு. 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு காலராவைக் கொண்டுவந்ததே ஐ.நா. முகாம்தான்; ஏறக்குறைய 10,000 பேர் செத்தார்கள். அதற்கு ஐ.நா. மன்னிப்புக் கேட்க 2016 ஆனது.

கேள்வி: விவசாய நாடுதானே, ஏன் இந்தப் பசி?

1990-களின் நடுவில் அரிசி இறக்குமதி வரியை 3 சதவீதத்துக்குக் குறைக்க வைத்தன அமெரிக்காவும் சர்வதேச நாணய நிதியமும். மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி குவிந்தது, உள்ளூர் உழவர் நொடிந்தார். இப்போது அந்த இறக்குமதி அரிசியும் துறைமுகத்தைத் தாண்டி, கும்பல் மறித்த சாலையில்தான் வந்தாக வேண்டும். 2025 கணக்கில் 57 லட்சம் பேருக்குப் போதிய சாப்பாடு இல்லை. மொத்த ஜனத்தொகையே ஏறக்குறைய 1.2 கோடிதான்.