மனசு லேசாகுற புத்தகம் படிச்சா தப்பா?

கேள்வி: அக்கா வணக்கம். ஒரு ஸ்கூல்ல ஆபீஸ் வேலை பாக்குறேன், வயசு நாப்பதைத் தொடப் போகுது. ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் ஒரு மணி நேரம்தான் எனக்குன்னு கிடைக்குது, அதுல லவ் ஸ்டோரி நாவல்தான் படிப்பேன். ரமணிசந்திரன் நாவல்லாம் எத்தனை தடவை படிச்சாலும் அலுக்காது. இப்போ கொஞ்ச நாளா மனசைப் பத்திப் பேசுற சின்னச் சின்ன கட்டுரை புக்ஸும் வாங்குறேன், ரெண்டு பக்கம் படிச்சாலே மூடி வச்சிட்டு யோசிக்க ஆரம்பிச்சிடறேன். கூட வேலை பாக்குறவங்க "இன்னுமா இதையெல்லாம் படிக்கிறீங்க, உருப்படியா இலக்கியம் ஏதாவது படிங்க"ன்னு சொல்றாங்க. டைம் வேஸ்ட் பண்றேனா அக்கா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இல்லவே இல்லம்மா. நாள் பூரா ஃபீஸ் ரசீது, ரெஜிஸ்டர், வீட்டுக்கு வந்தா அடுப்படின்னு ஓடுறவங்களுக்கு மிஞ்சுற அந்த ஒரு மணி நேரத்துல என்ன படிக்கணும்னு இன்னொருத்தர் சொல்ல வேண்டியதே இல்ல. பொம்பளைங்க ஆசைப்பட்டுப் படிக்கிற கதைன்னாலே "இதெல்லாம் ஒரு எழுத்தா"ன்னு கேக்குறது ரொம்ப நாளா நடக்குறதுதான். எழுத்தாளர் லக்ஷ்மியை எடுத்துக்கோங்க. மெட்ராஸ்ல டாக்டருக்குப் படிக்கும்போதே பத்திரிகைக்கு கதை எழுத ஆரம்பிச்சவங்க, அந்தப் பணம்தான் படிப்புக்கே கைகொடுத்துச்சு. எழுதினதுல பெரும்பாலும் குடும்பம், காதல், கல்யாணம்தான். 1984ல 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு சாகித்ய அகாடமி விருது குடுத்தாங்க. அதுக்கு முன்னாடி பல வருஷமா வீட்டு வாசல்படியில உக்காந்து அவங்க தொடர்கதையைப் படிச்ச பெண்களுக்கு அந்த விருதெல்லாம் தேவையே படல, அவங்களுக்கு முதல்லயே தெரியும்.

நீங்க ஒண்ணு சொல்லியிருக்கீங்க பாருங்க, எத்தனை தடவை படிச்சாலும் அலுக்கலன்னு. அதை நான் ரொம்ப யோசிச்சிருக்கேன். ரமணிசந்திரன் 150 நாவலுக்கு மேல எழுதியிருக்காங்க, எதை எடுத்தாலும் முடிவு என்னன்னு முதல் பத்து பக்கத்துலயே நமக்குத் தெரிஞ்சிடும், தெரிஞ்சும் படிக்கிறோம். ஏன்னா சேருவாங்களா மாட்டாங்களாங்குறது இல்ல விஷயம், அவன் எப்போ இவளைப் புரிஞ்சுக்கப் போறான்ங்குறதுதான். பாதிக் கதைக்கு மேல ஒரே ஒரு வார்த்தை சொல்லாம விட்டதால வந்த சண்டையாத்தான் இருக்கும். நம்ம வீட்ல அந்த மாதிரி சொல்லாம விட்டது இருபது வருஷமா அப்படியே கிடக்கும், யாரும் எடுத்துப் பேச மாட்டாங்க, ஆனா நாவல்ல கடைசிக்குள்ள அவன் வந்து உக்காந்து "உன்னைத் தப்பா நினைச்சிட்டேன்"னு சொல்லிடுவான். அது கேக்கத்தான் படிக்கிறோம். மனசு லேசாகுறது அதனாலதான்.

முன்னாடி வாடகை நூலகத்துல எடுத்த ஒரு நாவல், அட்டை கிழிஞ்சு காலிக்கோ பைண்டிங் போட்டது, ஹீரோயின் பொட்டியைத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்குக் கிளம்புற பக்கத்துல யாரோ பென்சில்ல "நில்லு, கேட்டுட்டுப் போ" அப்படின்னு எழுதியிருந்தாங்க. அதுக்குக் கீழ வேற கையெழுத்துல "கேட்டா மட்டும் சொல்லிடுவானா". முகம் தெரியாத ரெண்டு பேர் அந்த ஓரத்துல பேசிக்கிட்டிருக்காங்க. அவங்க நாவலைப் பத்தி மட்டுமா பேசினாங்கன்னு நினைக்கிறீங்க?

இந்த கட்டுரை புக்ஸும் அதே இடத்துக்குத்தான் உங்களைக் கூட்டிட்டுப் போகுது. கதையில அவ ஏன் கேக்கலன்னு ஆதங்கப்படுறோம், கட்டுரை "சரி, நீ ஏன் கேக்கல"ன்னு நம்ம பக்கம் திரும்புது. அதனாலதான் ரெண்டு பக்கத்துல மூடி வச்சிடறீங்க. மூடி வைங்க, அது படிக்காம விட்டதா ஆகாது. நிறுத்தின இடத்துல ஒரு கோடு மட்டும் போட்டு வைங்க. கொஞ்ச மாசம் கழிச்சு அந்தக் கோடுகளை மட்டும் வரிசையாப் பாத்தீங்கன்னா உங்க மனசு எந்த விஷயத்துகிட்ட திரும்பத் திரும்பப் போய் நிக்குதுன்னு தெரியும்.

கேள்வி: காலேஜ் படிக்கிற என் பொண்ணு எப்பப் பாத்தாலும் போன்ல 'ஆன்டி ஹீரோ' கதை படிக்கிறா. ஒரு நாள் எட்டிப் பாத்தேன், ஹீரோ ஹீரோயினை அடிக்கிறான், ரூம்ல பூட்டி வைக்கிறான், அப்புறம் காதல்ங்குறான். தடுக்கலாமா மேடம்?
- ஒரு அம்மா, ஆவடி

பதில்: உங்க கவலை நியாயம். அடிக்கிறதும் பூட்டி வைக்கிறதும் காதல் இல்ல, அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே கிடையாது. நம்ம காலத்து மாத நாவல்லயும் இது இருந்துச்சு, மணிக்கட்டைப் பிடிச்சு இழுக்குற பணக்கார ஹீரோவை நாமளும் ரசிச்சுத்தான் படிச்சோம், இப்போ அதுக்கு ஒரு பேர் வச்சு பிரதிலிபி மாதிரி ஆப்லயே தேடி எடுக்க முடியுது, அவ்வளவுதான் வித்தியாசம். போனைப் பிடுங்கினா வேற போன்ல படிப்பா. அதுக்குப் பதிலா ஒரு கதையை முழுசா நீங்களும் படிங்க, படிச்சிட்டு அவகிட்ட கேளுங்க, இந்த ஹீரோயின் வேலைக்குப் போறாளா, இவ கையில காசு இருக்கா, கோபம் வந்தா கிளம்பிப் போக இவளுக்கு ஒரு வீடு இருக்கா, அவன் மன்னிப்பு கேட்டப்புறம் நிஜமாவே மாறினானா இல்ல இவதான் பழகிட்டாளா. நான் ஒரு லவ் ஸ்டோரி நல்லதா இல்லையான்னு பாக்குறதே இதை வச்சுத்தான். திட்டுற குரல்ல மட்டும் கேக்காதீங்க, கதை பேசுற மாதிரியே கேளுங்க, பொண்ணு பேசுவா.

கேள்வி: அட்வைஸ் பண்ணாம, நம்மளை நாமே பாத்துக்க வைக்கிற மாதிரி தமிழ்ல புக்ஸ் சொல்லுங்களேன்.
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: தமிழ்ல இது ரொம்ப அழகா வந்திருக்குறது கடிதமாத்தான். மு.வரதராசனோட 'தம்பிக்கு', 'தங்கைக்கு', 'அன்னைக்கு', 'நண்பர்க்கு' நாலும் கடிதங்கள். அட்வைஸ் இருக்கு, மறைக்கல, ஆனா அண்ணன் பக்கத்துல உக்காந்து பேசுற அட்வைஸ். நல்லவனா இருந்தா மட்டும் பத்தாது, வல்லவனாவும் இருக்கணும்னு தம்பிக்கு சொல்ற இடத்தை ஒரு தடவை படிச்சா மறக்காது. 'தங்கைக்கு' மட்டும் முக்கால் நூற்றாண்டுக்கு முந்தினதுன்னு ஞாபகம் வச்சுக்கிட்டு படிங்க, சில இடத்துல இன்னிக்குப் பொண்ணுங்க கண்டிப்பா சண்டை போடுவாங்க, போடட்டும். அட்வைஸே வேண்டாம்னா வண்ணதாசன் கடிதங்கள், 'எல்லோர்க்கும் அன்புடன்'. ஒரே மூச்சுல படிக்காதீங்க, ஒரு நாளைக்கு ஒரு கடிதம் போதும். கதையாவே வேணும்னா ஆர்.சூடாமணி சிறுகதைகள், குரலே உசத்தாம எழுதுவாங்க, வீட்டுக்குள்ள இருக்குற மனுஷங்களை அவ்வளவு பொறுமையாப் பாத்த எழுத்து அது. கடையில கிடைக்கலன்னா உங்க ஊர் நூலகத்துல கேட்டுப் பாருங்க.