செட்னாவின் விரல்கள்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு ஒன்பது வயது. தினமும் ராத்திரி ஒரு கதையாவது சொல்லியாக வேண்டும். இப்போது பிற நாட்டுத் தொன்மக் கதைகளைப் படித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வடதுருவப் பக்கத்து இனுயிட் மக்களின் கடல் தாய் செட்னாவின் கதையில், பெற்ற அப்பாவே மகளின் விரல்களை வெட்டுகிறார். அந்த இடத்தில் "மீதி நாளைக்கு" என்று நிறுத்திவிட்டேன். இதைச் சொல்லலாமா, மாற்றிச் சொல்வதா? கிரேக்கக் கதைகளில் ஆரம்பித்து வரிசையாகப் போயிருக்க வேண்டுமோ?

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

சொல்லுங்கள், மாற்றாமல் சொல்லுங்கள்.

விரல்களை எடுத்துவிட்டால் அங்கே கதையே இல்லை. புயலில் படகு ஆடுகிறது. பயந்துபோன அப்பா மகளைக் கடலில் தள்ளுகிறார். அவள் படகின் விளிம்பை விடாமல் பிடித்துக்கொள்கிறாள். வெட்டுப்பட்ட விரல் துண்டுகள் சீல் என்ற கடல் விலங்குகளாகவும் திமிங்கிலங்களாகவும் நீந்திப் போகின்றன. அவள் கடலடிக்குப் போய் அவற்றின் தாயாகிறாள். ரத்தத்தை வர்ணிக்க வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும்.

ஆனால் கதைக்கு முன்னால் ஐந்து நிமிடம் அந்த ஊரைச் சொல்லிவிடுங்கள். கிரீன்லாந்து, கனடாவின் வடகோடி. விதைக்க நிலம் கிடையாது. முன்பெல்லாம் சீல் கறிதான் சாப்பாடு, சீல் தோல் உடுப்பு, குளிர்கால இருட்டில் எரியும் கல்விளக்குக்கு சீல் கொழுப்புதான் எண்ணெய். வேட்டை கிடைக்காத வீட்டில் அடுப்போடு விளக்கும் அணைந்துவிடும். மனிதர்கள் செய்யும் தவறெல்லாம் செட்னாவின் தலைமுடியில் அழுக்காகச் சேருமாம். விரல் இல்லாதவள் எப்படி வாரிக்கொள்வாள்? கோபத்தில் விலங்குகளைத் தன்னிடமே நிறுத்திக்கொள்கிறாள். ஊர்ப் பூசாரி கடலடிக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, சிக்கெடுத்து வாரிவிடுகிறார். உலகத் தொன்மங்களில் இவ்வளவு மென்மையான இன்னொரு காட்சியை நான் படித்ததில்லை.

என் அண்ணன் மகளுக்கு இதைச் சொன்னபோது என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம் அந்த அப்பா மன்னிப்பு கேட்டாரா?" என்றாள். "இல்லைம்மா" என்றேன். அவளுக்காக ஒரு மன்னிப்பை இட்டுக்கட்ட மனம் வரவில்லை. மறுநாள் சடை பின்னும்போது, "மெதுவா சிக்கெடும்மா" என்று அண்ணியிடம் சொன்னாளாம்.

"நம் வருணன் மாதிரி" என்று மட்டும் விளக்கிவிடாதீர்கள். அப்படிச் சொன்னதும் குழந்தை தனக்குத் தெரிந்ததற்கே திரும்பிவிடும். அந்தப் பனிக்கடலின் புதுமை போய்விடும். "அந்தக் காலத்தில் வாழ்ந்த மக்கள்" என்றும் சொல்ல வேண்டாம். இனுயிட்டுகள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பான்மையாக வாழும் நுனாவுட் 1999இல் கனடாவின் தனிப் பிரதேசமாயிற்று. வரைபடத்தில் காட்டுங்கள். செட்னா என்ற பெயரில் இதை மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1883-84இல் கனடாவின் பாஃபின் தீவில் கேட்டுப் பதிவு செய்தார். வேறு பகுதியில் அவள் பெயர் நூலியாயுக். அங்கே அவள் அப்பா அம்மா இல்லாத சிறுமி. இரண்டையும் சொல்லுங்கள். ஒரே கதை ஊருக்கு ஊர் மாறும் என்பது பாட்டிகளிடம் கதை கேட்ட பிள்ளைகளுக்குப் புதிதல்ல.

வரிசை எதுவும் வேண்டாம். கிரேக்கம் தன் முறை வரும்போது வரட்டும். அடுத்ததாக ஹவாய்த் தீவுகளின் தொன்ம வீரன் மாவியின் கதையைச் சொல்லுங்கள். அவன் அம்மா ஹினா மரப்பட்டையை அடித்துத் துணி செய்கிறவள். சூரியன் அவசரமாக ஓடிவிடுவதால் துணி காய்வதே இல்லை. மாவி ஹலேயாகலா மலையில் ஒளிந்திருந்து சூரியனைக் கயிற்றால் பிடித்து, இனி மெதுவாகப் போகிறேன் என்று வாக்கு வாங்குகிறான். ஐப்பசி மழையில் உங்கள் வீட்டுக் கொடியில் துணி காயாத ஒரு நாளாகப் பார்த்து இதைச் சொல்லுங்கள்.