அவள் பெயர் எந்தத் தாளில் இருக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தைக் களமாக வைத்து நாவல் எழுதுகிறேன். நாயகி 1930இல் அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள், கொழுந்து பறிப்பவள். 1952 தேர்தலில் முதன்முறையாக வாக்களிக்கிறாள். தன்னை 'மலையகத் தமிழச்சி' என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறாள். படித்த நண்பர்கள், "குடியுரிமைப் பறிப்பு இனப் பிரச்சினை, அதில் பெண் பிரச்சினையைக் கலக்காதே" என்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த வாக்குச்சாவடிக் காட்சியை எடுத்துவிடுங்கள். இலங்கையில் 1931இலேயே 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. தோட்ட மக்களுக்கு மட்டும் வதிவிட நிபந்தனைகள் போட்டார்கள். அதையும் மீறி 1947இல் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 தொகுதிகளில் வென்றது. தலவாக்கலையில் வென்றவர் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமை (குடியுரிமை)ச் சட்டமும், பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்ற 1949ஆம் ஆண்டுத் திருத்தமும் அந்தக் கதவை அடைத்தன. உங்கள் நாயகியின் அம்மா 1947இல் வாக்களித்திருக்கலாம். மகளுக்கு 21 வயது ஆனபோது அந்த வாக்கு இல்லை. நாவலில் வர வேண்டிய காட்சி இதுதான்.

நண்பர்களின் யோசனையை ஏற்காதீர்கள். 1948ஆம் ஆண்டின் சட்டப்படி, இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது. தகப்பன் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்ற கேள்வியே கிடையாது. திருமண உறவுக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு மட்டும்தான் தாய்வழி பார்க்கப்பட்டது. தாயும் அவள் அம்மாவும் நுவரெலியாவிலேயே பிறந்திருந்தாலும், தகப்பன் திருச்சியிலிருந்து வந்தவர் என்றால் மகள் அந்நியப் பெண். ஒரு மக்கள்கூட்டத்தை ஒதுக்கச் செய்த சட்டம் ஆண்வழியைக் கொண்டே அளந்தது. இதில் இனத்தையும் பெண்ணையும் எப்படித் தனித்தனியாகப் பிரிப்பீர்கள்?

அடுத்தது, இவர்கள் மனுப் போட்டுப் பிரஜாவுரிமை கேட்கலாம் என்ற 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். மனுப் போட இரண்டே ஆண்டு அவகாசம், 1951 ஆகஸ்ட் வரை. 1946 ஜனவரி 1க்கு முன்னால், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாது இலங்கையில் இருந்ததைக் காட்ட வேண்டும். 12 மாதத்துக்கு மேல் வெளியே போயிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. கணவன் மனுச் செய்தால், மணமான ஓராண்டுக்குள் தொடங்கி மனைவி அங்கேயே வசித்திருக்க வேண்டும். உங்கள் நாயகியின் அக்காள் தலைப்பிரசவத்துக்காகத் தமிழ்நாட்டுக்குப் போய், பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் பதினான்கு மாதம் தங்கிவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தானின் மனுவும் சேர்ந்து விழும். அந்த வீட்டில் அதன்பிறகு அவளை யார் என்ன சொல்லியிருப்பார்கள்? அங்கே உங்கள் பேனா நிற்கட்டும். சுமார் 2,37,000 மனுக்கள் 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காகப் போடப்பட்டன. பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் ஏறக்குறைய 1,34,000 பேர்தான்.

மனுவில் நிலையான வருமானத்தையும் காட்ட வேண்டியிருந்தது. கூலியைப் பாருங்கள். 1927ஆம் ஆண்டுச் சட்டப்படி மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். கூலி சமமானது 1984இல். தோட்டத்தின் வருமானமே கொழுந்துக் கூடையில்தான் இருந்தது, அதைச் சுமந்தவளுக்குச் சம்பளம் குறைவு. பல லயங்களில், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளில், அவள் சம்பளத்தையும் ஆண்தான் போய் வாங்கினான். இதை ஒரு வரியில் கடந்துவிடாதீர்கள்.

பெண் குரலைக் கலப்பது வெளியாள் செய்யும் வேலை என்று நினைக்கவும் வேண்டாம். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் மேடையேறிப் பாடினார். இந்தியத் தொழிலாளரின் நிலையைப் பற்றிய அவருடைய பாட்டுப் புத்தகம் 1940இல் வெளிவந்தது.

பெயர் விஷயம். 1952இல் அவள் 'மலையகத் தமிழச்சி' என்று சொல்லமாட்டாள். அந்தச் சொல் அரசியல் பெருமிதமாக வளர்ந்தது பிற்பாடு. அன்று "தோட்டத்து ஆளுங்க" என்பாள். அரசுக் கணக்கெடுப்பு 1911 முதல் 'இந்தியத் தமிழர்' என்றது. தெருவில் 'கள்ளத்தோணி', திருட்டுத்தனமாகப் படகேறி வந்தவர் என்ற ஏச்சு. 'தோட்டக்காட்டான்' என்ற ஏச்சு மற்றத் தமிழர் வாயிலிருந்தும் வந்தது, அதை மறைக்காமல் எழுதுங்கள். கதைசொல்லி பின்னாளிலிருந்து பேசுபவர் என்றால் மட்டும் 'மலையகம்' என்று எழுதலாம்.

கதை 1964ஐத் தாண்டினால், இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டதும், எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டதும் வரும். தாயும் மகளும் வெவ்வேறு பட்டியலில் விழலாம். நாடற்று எஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த சட்டம் 2003இல் வந்தது. தாய்வழியிலும் பிரஜாவுரிமை பெறலாம் என்ற திருத்தமும் அதே ஆண்டில்தான்.

இன்னொன்று. மனு நிராகரிக்கப்பட்ட கடிதம் வரும் இடத்தில், அதைத் தமிழில் எழுதியிருக்கிறீர்கள் என்றால் மாற்றுங்கள். 1951இல் அலுவல் மொழி ஆங்கிலம். கடிதத்தை லயத்து வாசலில் யார் அவளுக்கு வாசித்துச் சொன்னார், தோட்டப் பள்ளி வாத்தியாரா, கணக்கப்பிள்ளையா என்று முடிவுசெய்துகொண்டு அந்த அத்தியாயத்தைத் தொடங்குங்கள்.