சொந்த அனுபவத்தைக் கட்டுரையாக்குவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, பாட்டியைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். பிறந்த ஊர், கல்யாணம், பட்ட கஷ்டம் என்று நாலு பக்கம் வந்துவிட்டது. படித்தால் அஞ்சலிக் குறிப்பு மாதிரி இருக்கிறது.

பதில்: எண்பது வருடத்தை நாலு பக்கத்தில் அடக்கப் பார்த்திருக்கிறீர்கள், அதனால்தான். ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நூலில் ஒரு சந்திப்பு வரும். 1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக, அதாவது சிவில் வழக்கு நீதிபதியாக, மாற்றலாகி வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டதும் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்குகிறார். முதலியாரோ கொஞ்சமும் வியக்கவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இரண்டு பேர், சில கேள்விகள், அவ்வளவுதான். 1887-இல் சாமிநாதையர் சிந்தாமணியைப் பதிப்பித்ததற்கு விதை அந்தப் பேச்சில்தான் விழுந்தது. நான் மாணவர்களுக்கு முதலில் வாசித்துக் காட்டுவது இந்தப் பகுதியைத்தான். தமக்குக் கிடைத்த ஏமாற்றத்தை அவர் மறைக்காமல் சொல்வதால் நாமும் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறோம்.

உங்கள் பாட்டியும் ஒருநாள் உங்களிடம் கோபப்பட்டிருப்பார், அல்லது நீங்கள் சொன்ன ஏதோ ஒன்றில் முகம் வாடியிருப்பார். அங்கே தொடங்குங்கள். ஊரும் கல்யாணமும் தேவைப்படும் இடத்தில் ஒரு வரியாக வந்தால் போதும்.

கேள்வி: முதல் பத்தியில் என்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டுமா?

பதில்: வேண்டாம். எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். பெரும்பாலும் மூன்றாவது பத்தியில்தான் ஏதாவது நடக்க ஆரம்பிக்கும், அதை மேலே கொண்டுவாருங்கள்.

கேள்வி: "மிகவும் வருத்தப்பட்டேன்" என்று எழுதியிருந்தேன். உணர்ச்சி போதவில்லை என்கிறார்கள். இன்னும் எப்படி அழுத்திச் சொல்வது?

பதில்: அழுத்தாதீர்கள், தம்பி. அந்த நேரத்தில் உங்கள் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று யோசியுங்கள். என் அப்பா இறந்த சேதி வந்த பிறகும் நான் மிச்சமிருந்த துணிகளை ஒவ்வொன்றாக உதறி, கொடியில் போட்டு, கிளிப் மாட்டி முடித்தேன். பல வருடம் கழித்து அதை எழுதியபோது வருத்தம் என்ற சொல்லே தேவைப்படவில்லை.

கேள்வி: இருபது வருடத்துக்கு முந்தைய பேச்சு அப்படியே நினைவில்லை. உரையாடலாக எழுதலாமா?

பதில்: நினைவில் தங்கிய ஓரிரு வாக்கியத்தை மட்டும் மேற்கோளுக்குள் போடுங்கள். மற்றதை "ஏதோ சமாதானம் சொன்னார்" என்று கடந்துவிடலாம். நீங்களாகக் கட்டிய வசனம் எப்படியும் சினிமா வசனம் போல ஒலிக்கும், வாசகருக்கு அது தெரிந்துவிடும்.

கேள்வி: பேச்சுத்தமிழா, எழுத்துத்தமிழா?

பதில்: பேசுகிறவர்கள் அவரவர் ஊர்ப் பேச்சிலேயே பேசட்டும், நீங்கள் சொல்லும் பகுதி எழுத்துத்தமிழில் இருக்கட்டும். அப்புறம், வரிக்கு வரி 'நான்' வேண்டாம். "நான் கதவைத் திறந்தேன். நான் உள்ளே போனேன்" என்பதைக் "கதவைத் திறந்து உள்ளே போனேன்" என்றால் போதும். யார் என்பதை விகுதியே சொல்லிவிடுகிறது.

கேள்வி: வீட்டாரைப் பற்றி எழுதினால் கோபித்துக்கொள்வார்களோ?

பதில்: சிலர் கோபிக்கலாம். வெளியிடும் முன் அவர்களிடமே வாசித்துக் காட்டிவிடுங்கள். அப்படித்தான் நடுங்கிக்கொண்டே என் அத்தைக்கு வாசித்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தச் சேலை பச்சை இல்லடி, மாம்பழக் கலரு" என்றார். அதை மட்டும் திருத்தினேன்.